தலையணைக்கு அடியில் ஒரு சாவி

ஜூன் 9, திங்கள்

ஜனவரியில் கொடுக்க வேண்டிய டைரியை மில்லில் இன்றைக்குத்தான் கொடுத்தார்கள். பாதி வருஷம் போயே போய்விட்டது. மீதியையாவது வீணாக்க வேண்டாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் செண்பகம். தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். தாமதமாக வருகிறவர்கள் எல்லாரும் என் முகத்தில்தான் முழிக்க வேண்டும், அதனால் எனக்கு ஊரில் பெரிய நல்ல பெயர் கிடையாது. முப்பத்து மூன்று வயதில் கல்யாணம் ஆகி நாலு மாதம் ஆகிறது. வேலை வாங்கிக் கொடுத்தது இவர்தான். இவர் என்றால் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், அதே மில்லில் ஃபிட்டர். வீட்டில் இவருடைய அம்மா பிரமு அத்தையும் உண்டு. ஆக மொத்தம் மூன்று பேர், ஒரு பீரோ, ஒரு பெரிய சாவி.

சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் உள்ளங்கை நீளத்துக்குக் கனத்த இரும்புச் சாவி. எப்போதும் இவர் தலையணைக்கு அடியில் கிடக்கும். பீரோவுக்குச் சேரவில்லை. வாசல் கதவுக்கும் சேரவில்லை. கொல்லைக் கதவுக்குப் பூட்டே கிடையாது. எதற்கு என்று இன்றைக்கு அத்தையிடம் கேட்டேன்.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். கெட்ட கனவு வராது."

நாற்பது வயது ஆளுக்குக் கெட்ட கனவா என்று சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

சாரல் பிடித்துவிட்டது. துணி காயவில்லை. மாவு மட்டும் நன்றாகப் புளிக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

குற்றாலம் போனோம். அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். இவர் குளிக்கவில்லை. கரையில் எல்லாருடைய துணியையும் கட்டிக் காத்துக்கொண்டு நின்றார். "சளி பிடிக்கும்" என்றார். குற்றாலத்துக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவருக்குச் சளி பிடிக்குமாம்! ஏணியில் ஏறிப் பரணைத் துடைக்கச் சொன்னால் கால் வலி. ரெண்டாம் ஆட்டம் சினிமாவுக்குக் கூப்பிட்டால் கண் எரிச்சல். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் சோம்பேறி என்று முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டார். முதலுதவிப் பெட்டியைப் பார்த்துக்கொண்ட ஆள் வேலையை விட்டுப் போய்விட்டாராம், இனிமேல் நான் பொறுப்பாம். "நீதாம்மா சரியான ஆளு. உனக்குப் பதட்டமே கெடையாது" என்றார். பாராட்டா, குறையா என்று தெரியவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாள் பயிற்சி.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். காய்ந்துபோன பஞ்சு, காலாவதியான களிம்பு, யாரோ வைத்த ஒரு சீப்பு.

ஜூன் 19, வியாழன்

காலையில் அடுப்படியில் சட்னிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். உள் அறையில் ஏதோ விழுகிற சத்தம். ஓடினேன். அத்தை எனக்கு முன்னால் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

"ஒண்ணுமில்ல, பித்த மயக்கம். நீ போயி அடுப்பப் பாரு."

கதவுக்கு வெளியே நின்றேன். தரையில் கால் அடிக்கிற சத்தம் கேட்டது. மயக்கம் போட்டவர்கள் காலை அடிக்க மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அத்தை கதவைத் திறந்தபோது இவர் பாயில் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தார். கையில் அந்தச் சாவி. தலையணையில் கொஞ்சம் ரத்தம், நாக்கு கடிபட்டிருக்கும். சட்டையெல்லாம் ஈரம். அத்தை வாயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், பாதி வெளியே வந்திருக்கிறது.

நான் தலையணை உறையை மாற்றினேன். வெங்காயம் தீய்ந்துபோயிருந்தது. சட்னியே இல்லாமல் இட்லி தின்றோம்.

ஜூன் 21, சனி

பயிற்சி முடிந்தது. நடத்தியது மார்த்தா சிஸ்டர். குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும். முதல் பாடம் இதுதான்: யார் விழுந்தாலும் முதலில் நீ பதறாதே. இரண்டாவது, ஓடிப்போய்த் தூக்காதே. அந்த இடம் உனக்கும் அவருக்கும் பத்திரமா என்று பார். கரண்ட் இருக்கிறதா, தீ இருக்கிறதா, மிஷின் ஓடுகிறதா. "காப்பாத்தப் போனவனும் பக்கத்துலயே விழுந்தான்னா எனக்கு ரெண்டு வேலை" என்றார். அதற்கப்புறம்தான் ஆளைப் பார்க்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிடு, மூச்சு இருக்கிறதா பார், நூற்றெட்டுக்குச் சொல். முழு நினைவு திரும்பும் வரை வாயில் எதுவும் கொடுக்காதே, ஒரு மடக்குத் தண்ணீர்கூட.

அடுத்துத் தீப்புண்ணுக்குப் பற்பசை பூசுவது, வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் அப்புவது, எல்லாவற்றுக்கும் திட்டு விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் வகுப்பே சிரித்தது, ஏனென்றால் எல்லாரும் செய்திருக்கிறோம்.

கடைசியில் வலிப்பு. "கையில சாவி குடுப்பீங்கல்ல? இரும்பப் பிடிச்சா வலிப்பு நிக்கும்னு யாரு சொன்னா? அது தானாத்தான் நிக்கும். பேரு மட்டும் சாவிக்கு" என்றார் சிஸ்டர். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டேன். கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. பல்லுக்கு நடுவில் எதையும் திணிக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற சாமானை நகர்த்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வை, கடிகாரத்தைப் பார். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ்.

வழியெல்லாம் பஸ்ஸில் குற்றாலத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். சளியும் இல்லை, கால் வலியும் இல்லை. அருவிக்குள் நிற்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அத்தையிடம் நேராகவே கேட்டேன். முதலில் பித்தம் என்றார். பிறகு சூடு என்றார். மூன்றாவது தடவை கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பத்து வயசுலேருந்து இருக்கு. எப்பவாவது வரும். கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்னு எல்லாரும் சொன்னாவ."

ஆக, நான்தான் மருந்து. காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை. எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லிக் கட்டிவைத்ததற்குக்கூட அவ்வளவு இல்லை, இப்படி ஒரு மருந்துச் சீட்டை எழுதியதற்கு.

மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டேன். முன்னால் சாப்பிட்டாராம். நான் வந்தபிறகு நான் பார்த்துவிடுவேன் என்று விட்டுவிட்டாராம்.

சாயந்திரம் இவரிடம் பேசினேன். "நீங்க டாக்டர்ட்ட போகணும், அத்தான். மில்லுல சொல்லணும். மிஷின் ஓடும்போது வந்துச்சுன்னா என்ன செய்வீங்க?"

"இத்தன வருஷமா மில்லுல வரல."

"மாத்திரையும் இத்தன வருஷமா நிறுத்தலல்லா?"

வேலை போய்விடும் என்று இவருக்குப் பயம். ஃபிட்டர் என்று சொன்னால்தான் ஊரில் மதிப்பு. வலிப்பு என்ற சொல் வாயிலிருந்து வரவே இல்லை, 'அது' என்றுதான் சொன்னார். மாதக் கடைசி வரை டயம் கேட்டார், தானே மேனேஜரிடம் சொல்கிறாராம். சரி என்றேன். சரி என்று சொல்லியிருக்கக் கூடாது என்று இந்த வரியை எழுதும்போது தோன்றுகிறது.

ஜூன் 24, செவ்வாய்

முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு, புதுக் களிம்பு வாங்கியாயிற்று. சீப்புக்கு யாரும் சொந்தம் கொண்டாட வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

பதினோரு மணி வாக்கில் மில்லில் நூல் ஓட்டுகிற ஜெயக்கொடி ஓடி வந்தாள். ஸ்பின்னிங் பக்கம் ஆள் விழுந்துவிட்டது என்றாள். யார் என்று சொல்லவில்லை. என் முகத்தை அவள் பார்த்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

இவர் ஒரு மிஷினின் ஓரத்து மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து மிஷினில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாராம். விழுந்தது இரண்டுக்கும் நடுவில். ஒரு கை, மூடி திறந்தபடியே ஓடுகிற மிஷினின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சுற்றி இருபது பேர். கூட வேலை பார்க்கிற பேச்சிமுத்து இவருடைய மறு கையில் ஸ்பானரைத் திணித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஸ்குரூ டிரைவரால் பல்லைத் திறக்கப் பார்த்தார். "சாவி, யாருட்டயாவது சாவி இருக்கா" என்று ஒரு கூச்சல். இரும்புக்கு நடுவில் நின்றுகொண்டு இரும்புக்கு அலைந்தார்கள்.

நான் முதலில் இவரைத் தாண்டிப்போய்ச் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். மிஷின் நிற்கும்வரை காத்திருந்தேன். அதற்கப்புறம்தான் குனிந்தேன்.

"ஸ்பானர எடுங்க. வாயில எதையும் வைக்காதீங்க. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

"மயக்கம் போட்டுட்டாரும்மா, சோடா வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கு" என்றார் மேஸ்திரி.

"மயக்கம் இல்ல. இவருக்கு வலிப்பு" என்றேன். மிஷின் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

பஞ்சு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தலைக்கு அடியில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் நின்றுவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரத்து எச்சிலைத் துடைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நெற்றியில் சின்னக் காயம், கட்டுப் போட்டேன். மில் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

வேறு யாருடைய வீட்டுக்காரரோ என்பதுபோல எல்லாம் செய்தேன். டாக்டர் மாத்திரையை நிறுத்தியதற்கு இவரைத் திட்டினார், என்னையும் சேர்த்துத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 28, சனி

ரசம் வைத்தேன். மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஜூன் 30, திங்கள்

மேனேஜர் வேலையை விட்டு அனுப்பவில்லை. இவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். சாமான் கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. ஓவர்டைம் கிடையாது. "ஃபிட்டர் நட்டு போல்ட்டு எண்ணிக் குடுக்கான்" என்று வாசலில் ஒருவன் சொன்னது இவர் காதில் விழுந்தது. அவன் நாளைக்குத் தாமதமாக வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

இரவுச் சாப்பாட்டின்போது இவர் மூன்று நாளைக்கு அப்புறம் வாய் திறந்தார்.

"மயக்கம்னே விட்டிருக்கலாம்லா."

"மயக்கம்னு விட்டிருந்தா சோடா ஊத்தியிருப்பாவ."

"ஊத்தியிருக்கட்டும்" என்றார். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

ஜூலை 3, வியாழன்

ஊர்க் கதை அத்தை காதுக்கும் வந்துவிட்டது. கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"புருஷன் கீழ கெடக்கான், நீ அவனத் தாண்டிப் போயி மிஷின நிறுத்துனியாமே. கல்லு மனசுட்டி உனக்கு."

நிறுத்தாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். அத்தை சொன்னது சுட்டது. சுட்டதற்குப் பற்பசையெல்லாம் பூசக் கூடாது, தண்ணீரில் காட்ட வேண்டும். முகம் கழுவிவிட்டு வந்தேன்.

மாத்திரையைக் காலையிலும் இரவிலும் தட்டின் ஓரத்தில் வைக்கிறேன். இவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார், என்னைப் பார்க்காமல். சாவி தலையணைக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

கல்லு மனசு என்பதை யோசித்துப் பார்த்தேன். மேனேஜர் பதட்டமே கெடையாது என்றார். இரண்டும் ஒன்றுதான் போல.

ஜூலை 12, சனி

இரண்டாவது சனி, மில் லீவு. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். தெருவில் இரும்புக்காரரின் வண்டி வந்தது. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று ஸ்பீக்கர் கத்தியது. இவர் பனியனோடு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பேப்பர் பொட்டலம்.

"எதுக்குப் பேரீச்சம்பழம்?" என்று கேட்டேன்.

"இரும்புக்கு."

எந்த இரும்பு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய்த் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டிலில் விரித்த பாயில் சாவியின் தடம் மட்டும் இருந்தது.

இவர் கட்டிலில் உட்கார்ந்து வலது கையை விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பேச்சிமுத்து நேத்துதான் சொன்னான். சட்டைக் கை அந்தப் பெல்ட்டுல சிக்குற மாரி இருந்துச்சாம். அவனுவ எல்லாம் என்னைப் பாத்துட்டு நின்னானுவளாம். நீதான் மிஷினப் பாத்தியாம்." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருஷமா அந்தச் சாவியப் பிடிச்சிருக்கேன். அது ஒண்ணும் செய்யல, செண்பகம்."

என் பெயரைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று! எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது. இதை இந்த டைரியில் இதுவரை நான் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

"அம்மாட்ட சொல்லாத" என்றார்.

பழத்தைப் பேப்பரோடு டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்தேன். ஏது என்று அத்தை கேட்டார். கடையில் வாங்கினது என்றேன். இந்த வீட்டில் நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை அளவு சரியாக அமையக் கொஞ்ச நாள் பிடிக்கும், இடையில் ஒன்றிரண்டு தடவை வந்தாலும் வரும் என்றார் டாக்டர். அத்தையும் வந்திருந்தார். டாக்டர் பேசியதையெல்லாம் தலை குனிந்தபடி கேட்டார். வெளியே வந்ததும் "அந்த டாக்டர் பையனுக்கு என்ன வயசிருக்கும்" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் கீழே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கட்டில் ஆடியது.

எழுந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிஷின் இல்லை, கூட்டம் இல்லை, மேனேஜர் இல்லை. இவர் முகம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மார்த்தா சிஸ்டர் சொன்னது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. முறத்தைப் பிடித்தபடி நின்றேன். அரிசி தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. வாய்விட்டு அழுதேன்.

அத்தை பாய்ந்து தலையணைக்கு அடியில் கையை விட்டார். துழாவினார். மறுபக்கமும் துழாவினார். கை வெறுமனே வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏட்டி, பதறாத" என்றார். "நீ பதறலாமா? அடுத்து என்ன செய்யணும், சொல்லு."

அப்போதுதான் வாய் வந்தது. "சுவத்துல இடிக்காம பாத்துக்கோங்க. அமுக்கக் கூடாது. மணியப் பாக்கணும்."

அத்தை தன் கையைச் சுவருக்கும் இவர் தலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு உதறலுக்கும் அந்தக் கை சுவரில் இடித்தது. எடுக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், கண்ணீரில் முள் சரியாகத் தெரியவில்லை. நீண்ட நேரம்போல இருந்தது, நீண்ட நேரம் இல்லை. நின்றது. இரண்டு பேருமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். முகத்தை நான் துடைத்தேன். தண்ணீர்ச் செம்பு பக்கத்திலேயே இருந்தது. அத்தை அதை ஒருமுறை பார்த்தார், தொடவில்லை.

இவர் கொஞ்சம் தூங்கினார். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கினோம். "சாவி" என்று ஆரம்பித்தேன். "இப்பத் தெரிஞ்சு போச்சு. பேரீச்சம்பழம் கடையில பேப்பர்லயா கட்டித் தாரான்?" என்றார் அத்தை. புறங்கை சிவந்து வீங்கியிருந்தது. ஈரத் துணி சுற்றிவிட்டேன். கையை இழுத்துக்கொள்ளாமல் காட்டிக்கொண்டிருந்தார்.

இவர் கண்ணைத் திறந்ததும் பக்கத்தில் போனேன்.

"உங்க பேரு என்ன?"

"கோமதிநாயகம்."

"இன்னைக்கு என்ன கிழம?"

யோசித்தார். "ஞாயிறு. கறிக்குழம்பு வச்சிருந்த. உப்புக் கொறச்சல்."

அத்தை அடுப்படிக்குப் போய் வந்தார். முந்தானையில் எதையோ மூடி வைத்திருந்தார். இவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இப்பக் குடுக்கலாமாட்டி?"

"குடுக்கலாம், அத்தை."

இவர் எழுந்து உட்கார்ந்தார். அத்தை முந்தானையை விலக்கி ஒரு பேரீச்சம்பழத்தை இவர் கையில் வைத்தார். கொட்டையை முன்னாலேயே எடுத்திருந்தார்.